கீறி அனுப்பின படம்

கதிர்காமத்தான் துணை

லுணுகலை
1956 கார்த்திகை

என் அன்பு மகன் தங்கராஜாவுக்கு உன்னைப் பெத்தவ பாக்கியலெட்சுமி எழுதிக்கிறது. இங்க நானும் உன் தங்கச்சி லீலாவும் கந்தன் புண்ணியத்துல காய்ச்சல் கீய்ச்சல் இல்லாம இருக்கோம். அங்க மதராஸ் வெயில்ல நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா தூங்கி எந்திரிக்கிறன்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும். எழுத்து கோணலா இருக்கும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாவதோட கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டவ நான், கூட்டி வாசிச்சுக்க. லீலா எழுதித் தாறேன்னு சொன்னா, வேணாம்னுட்டேன். இதுல இருக்கிற சங்கதிய அவ கையால எழுத வைக்க எனக்குப் பிடிக்கல.

மழை பிடிச்சா விடமாட்டேங்குது. தேயிலை ஸ்டோருக்குப் போற பாதையில மண் சரிஞ்சு லாரி வராம கிடந்துச்சு, இப்பத்தான் வெட்டித் தள்ளினாங்க. நம்ம லயத்துக் காம்பராவுல அடுப்புக்கு மேல தகரம் ஓட்டையாகி ஒழுகுது, கங்காணிகிட்ட சொன்னா கிளாக்கர் ஐயாகிட்ட சொல்லுங்கிறாரு, கிளாக்கர் ஐயாகிட்ட சொன்னா கங்காணி சொல்லணுமாம். வெள்ளை ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ரெண்டும் கெடா. பெரகலப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து லீலாவுக்கு ஒரு வரன் வந்திருக்கு, பையன் பேரு ஜெயராசா, தொரை பங்களாவுல தோட்ட வேலை. குணமான பையன்னு சொல்றாங்க. அவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா, அண்ணன் வந்து பாத்துச் சொல்லட்டும்கிறா. அண்ணன் எப்ப வரும்னு எனக்கே தெரியாதப்ப நான் அவளுக்கு என்ன சொல்றது. உங்கப்பா தவறினப்ப தந்தி கெடைச்சும் உனக்கு இங்க வர அனுமதிக் கடுதாசி குடுக்கமாட்டேன்னுட்டாங்க, இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் போக முடியாது, அந்தப் பக்கம் இருந்தா இந்தப் பக்கம் வர முடியாதுன்னு எழுதியிருந்தியே, அதுக்கு மேல உன்னை நான் என்ன கேக்க. அதுல உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கோவம் வேற ஒண்ணு மேல. அதை எழுதத்தான் உக்காந்தேன், ஆட்டுக்குட்டியப் பத்தி எழுதிக்கிட்டிருக்கேன்.

நீ தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வீட்டுக்கு ஒரு படம் அனுப்பினியே ராசா, அது வந்த கதையக் கேளு. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாப் பொம்பளைகளும் வரிசையில நிக்கிறோம். தபால் பை தூக்குற முருகையா, உனக்குத் தெரியுமே, காது பாதி கேக்காது, கேட்ட பாதியையும் ஊரெல்லாம் சொல்லாம விடமாட்டாரு, அவரு மேட்டுல நின்னுக்கிட்டே, பாக்கியம், ஒம் மகன் அப்பன் படத்தைக் கீறி டிஸ்பென்சர் வீட்டுக்கு அனுப்பியிருக்கானாம் அப்பிடின்னு சத்தம் போட்டாரு. எனக்கு ஒரு நிமிசம் கண்ணு தெரியல. உங்கப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. ஸ்டோர்ல தேயிலைப் பெட்டிக்கு மார்க் அடிச்சுக்கிட்டு இருந்தப்ப வெள்ளைக்காரத் தொரை புடிச்சுக் குடுத்தது, கையில கறுப்பு மையோட நிப்பாரே, அதை நீ கேட்டேன்னுதானே காரியம் முடிஞ்ச கையோட உனக்கு அனுப்பி வச்சேன். அதைக் கீறிப்புட்டானா, எதுக்குக் கீறினான், அப்பன் செத்ததுக்கு வர முடியாத ஆத்தாமையில புத்தி பேதலிச்சுப் போச்சா, கீறினதை எனக்கு அனுப்பாம எதுக்கு அந்த வீட்டுக்கு அனுப்புறான்னு என்னென்னமோ ஓடுச்சு. கூடைய அப்பிடியே வச்சிட்டு நடந்துட்டேன். கங்காணி பின்னாலேயே கத்துறாரு, போனா அரைப்பேர்தான், அரை நாள் கூலிதான் போடுவேன்னு. உங்காத்தா பேருல போட்டுக்கன்னு சொல்லிட்டுப் போனேன். அதுக்கு இப்பவும் காலையில ஆள் எடுக்கிற பெரட்டுல என்னைப் பாத்தா மொறைக்கிறாரு.

இடுப்புல கட்டின சாக்குப் படங்கோட, கால்ல அட்டை கடிச்ச ரெத்தம் வடிய, அந்த வீட்டுப் பின்கதவுல போயி நின்னேன். நம்மள்லாம் அங்க பின்கதவுலதானே நிப்போம், நீ ஒருத்தன்தான் சின்ன வயசுலயிருந்து முன்கதவால போயி வந்தவன். ஐயா சம்சாரம் யோகமலர் அம்மா வந்தாங்க. குளிச்சுப் பூ வச்சு, யாழ்ப்பாணத்துக் கைத்தறிப் புடவை கட்டி, வெள்ளையும் சொள்ளையுமா. வாங்கோ வாங்கோ, படம் வந்து ஒரு கிழமையாச்சு, நானே ஆளனுப்ப நினைச்சனான்னாங்க. நான் மூச்சு வாங்க, அம்மா அந்தக் கீறின படத்தைக் குடுத்துருங்க, நான் சோத்துப் பசை வச்சு ஒட்டிக்கிறேன்னேன். அவங்க மெரண்டு போயி, ஐயோ ஒட்டிப் போடாதீங்கோ, ஒட்டினாப் பழுதாப் போகும், சட்டம் போட வேணுமல்லோங்கிறாங்க. கீறினதுக்கு எதுக்கும்மா சட்டம்னு நான். இவ்வளவு வடிவாக் கீறினதுக்குச் சட்டம் போடாம வேற எதுக்குப் போடுறதுன்னு அவங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இப்பிடியே கத்திக்கிட்டு நின்னோம். பொறகுதான் வெளங்குச்சு, அவங்க பக்கத்துல படம் வரையிறதைக் கீறுறதும்பாங்களாம். நமக்குக் கீறுறதுன்னா கத்தியால கீறுறது, முள்ளு கீறுறது. பூனை கீறுறது. முருகையாகிட்ட அந்தம்மா சொன்னது, தம்பி தேப்பனைப் படமாக் கீறி அனுப்பியிருக்கிறான்னு. அந்த மனுசன் அதைக் கொண்டாந்து என் நெஞ்சைக் கீறிட்டாரு.

அட, படம் வரைஞ்சுதான் அனுப்பியிருக்கான், போட்டோ பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சதும் என் மனசு எறங்கியிருக்கணும்தானே. எறங்கல தங்கம். அடுத்த நிமிசமே வேற எரிச்சல் ஏறிடுச்சு. உங்கப்பாவைப் படமா வரைஞ்ச நீ அதை எனக்கு அனுப்பல. தகரக் குழாயில சுருட்டி, தபால்ல போட்டு, டிஸ்பென்சர் இளையதம்பி ஐயா பேருக்கு அனுப்பியிருக்க. லயத்துச் சுவத்துல புகை அடிக்கும், ஒழுகும், அங்கன்னா சுவரு வெள்ளையா இருக்கும்னு நெனச்சியோ என்னவோ. நெசம்தான், அங்க சுவரு வெள்ளைதான். ஆனா அந்த மனுசன் செத்தது இந்தச் சுவத்துக்குப் பக்கத்துல. நீ அதைக் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

அந்தம்மாவப் பத்தி நான் உங்கிட்ட எப்பவும் ஒண்ணும் சொன்னதில்ல. புள்ளை இல்லாத வீடு, நீ போனா முகம் மலருறாங்க, போயிட்டு வரட்டும்னு உங்கப்பா சொல்லுவாரு. முதல் சாயப் பெட்டி அவங்கதான் வாங்கிக் குடுத்தாங்க. அங்க இடியப்பமும் சொதியும் தின்னுட்டு வந்து நம்ம வீட்டு ரொட்டிய நீ கையில வச்சு உருட்டிக்கிட்டு இருப்ப. மலரம்மா மலரம்மான்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை. உனக்கு அம்மா ஒருத்திதான், அது என்ன மலரம்மான்னு வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். உனக்கு அவங்க நல்லதுதான் செஞ்சாங்க. நல்லது செய்றவங்களைப் பாத்து வயிறு எரிஞ்சா அதை எந்தச் சாமிகிட்டப் போயிச் சொல்றது சொல்லு.

என்னை அன்னைக்கு முதல் தடவையா முன்னறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாருங்கோ, என்ர பிள்ளை என்ன மாதிரிக் கீறியிருக்கிறான்னு மேசையில விரிச்சுக் காட்டினாங்க. என்ர பிள்ளை. எங்கிட்டயே. நான் கையப் படங்குல தொடைச்சுக்கிட்டு எட்ட நின்னு பாத்தேன். நீ வரைஞ்சதை நான் உனக்குச் சொல்ல வேணாம், ஆனாலும் நான் என்ன பாத்தேன்னு சொல்லணும். நம்ம லயத்துக் கதவு, நம்ம இஸ்தோப்புத் திண்ணை, அதுல எனக்குச் சந்தேகமில்ல, ஒடைஞ்ச படி கூட இருக்கு. ஆனா படிக்குக் கீழ பாதை இல்ல, தண்ணிப் பீலி இல்ல, மலை இல்ல. கடலு. நான் கடலைக் கண்ணால கண்டது கிடையாது, எங்கப்பனாத்தா தாண்டி வந்ததும் நீ தாண்டிப் போனதும்தான் எனக்குக் கடலு. உன் கடலு பச்சையா இருக்கு. தண்ணிக்கடியில தேயிலைச் செடி செடியா ஆடுது. அதுல ஒரு தேயிலைப் பெட்டி மிதக்குது, பெட்டி மேல உங்கப்பா முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து போறாரு. கையில மார்க் அடிக்கிற பிரசு, அதைத் தண்ணியில விட்டிருக்காரு, கறுப்பு மை அவருக்குப் பின்னால ஒரு பாதை மாதிரி நீளுது. அந்தப் பாதை வந்து முடியிற எடத்துல, படியில, ஒரு பொம்பளை கணுக்கால் தண்ணியில நின்னு கைய நீட்டுறா. விரல் நுனியெல்லாம் எலை எலையா முளைச்சிருக்கு. வளையல் போட்டிருக்கா, பூ வச்சிருக்கா, நெத்தியில இத்தாம் பெரிய பொட்டு. ஆகாயத்துல சூரியனும் இல்ல, நெலாவும் இல்ல, அந்தப் படத்துல இருக்கிற வெளிச்சம் அம்புட்டும் அவ பொட்டுல இருந்து வருது.

உங்கப்பா முதுகு ராசா. வலது தோளு கொஞ்சம் எறங்கி, பெட்டி தூக்கித் தூக்கி எறங்கின தோளு. அதை நான் ரெண்டு வருசமா சொப்பனத்துலகூட அப்பிடிப் பாக்கல. அந்தம்மா பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா வெரலு வச்சுச் சொல்லிக்கிட்டு வாறாங்க, பெட்டி எண்டது உடம்பு, கடல் எண்டது பிரிவு, மை எண்டது அந்தாள் விட்டுட்டுப் போன உழைப்பு, கை எட்டாமல் நிக்குது பாருங்கோ, அதுதான் ஏக்கம்னு. எல்லாம் சரியாத்தான் இருக்கும், படிச்சவங்க. எனக்கு அதுல ஒண்ணும் காதுல ஏறல. நான் அந்தப் பொம்பளையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். யாரும்மா இதுன்னு கேட்டேன். அந்தம்மா தாலிக்கொடிய வெரலுல சுத்திக்கிட்டு, ஆரெண்டு தெரியேல்லையோன்னு கேட்டுட்டுத் தரையப் பாத்துச் சிரிச்சாங்க. புதுப்பொண்ணு சிரிக்கிற மாதிரி.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாரு. புள்ளையத்தான் பாதி எடுத்துக்கிட்டா, இப்ப புருசனையுமா. செத்து மண்ணுக்குள்ள போன மனுசனுக்கு இன்னொருத்தியப் படியில நிறுத்திக் கை நீட்ட வச்சிருக்கியேன்னு உன் மேல வந்துச்சு பாரு ஒரு கோவம். பொட்டு இருக்கு, பூ இருக்கு, வளையல் இருக்கு. நானில்ல. நான் எப்பிடி அது. என் கையில வளையல் ஏது. ஆமாம்மா உங்களைத்தான் வரைஞ்சிருக்கான், மூக்கு அப்பிடியே இருக்கு, உங்க கைதான் எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் நீளுமேன்னு சொல்லிட்டேன். அந்தம்மாவுக்கு அந்தக் குத்து வெளங்கல, இல்லாட்டி வெளங்காத மாதிரி இருந்தாங்க. உண்மையாவோ, மூக்கு என்ர மாதிரியோன்னு திரும்பவும் குனிஞ்சு பாக்குறாங்க. பாவமாவும் இருந்துச்சு, பத்திக்கிட்டும் வந்துச்சு.

அந்நேரம் ஐயா மருந்துக் கடையப் பூட்டிட்டு உள்ள வந்தாரு. என்னைக் கண்டதும், என்ன பாக்கியம், ஆருக்குச் சுகமில்லைன்னாரு. எனக்குத்தான்யான்னு சொல்லணும் போல இருந்துச்சு. அந்தம்மா படத்தைக் காட்டி, இஞ்ச பாருங்கோ, பாக்கியமும் சொல்லுறா, மூக்கு என்ர மூக்கெண்டுன்னாங்க. ஐயா கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பொறகு நிமுந்து, இஞ்சேரும், உமக்கு எப்ப கூடைக்கயிறு தலையில ஏறினதுன்னு கேட்டாரு. ஐயா அந்தப் பொம்பளையோட தலையக் காட்டினாரு. முன் நெத்திக்கு மேல முடியில குறுக்க ஒரு வழி போகுது. ஒத்தையடிப் பாதை. அதுல எறும்பு மாதிரிக் குட்டிக் குட்டியா ஆளுங்க கூடையோட ஏறிப் போறாங்க. வாழ்க்கைப் பாதையெண்டெல்லோ நான் நினைச்சனான்னு அந்தம்மா மெதுவாச் சொன்னாங்க. ஐயா சிரிச்சுக்கிட்டு, வாழ்க்கைதான், ஆனா அது கொழுந்துக் கூடைக் கயிறு இழுத்து முடி கொட்டின தடம், கிழமைக்கு நாலு பேராவது தலையிடியெண்டு அந்தத் தடத்தோட வந்து எனக்கு முன்னால நிக்கினம், உம்மட தலையில அது எங்க இருக்கெண்டு காட்டும் பாப்பம்னு பகிடி பண்ணினாரு.

நான் தலையில போட்டிருந்த கொங்காணிக்குள்ள கைய விட்டுத் தொட்டுப் பாத்தேன். வழவழன்னு இருந்துச்சு. வருசக்கணக்கா இருக்கிறதுதான், எனக்கே அது ஞாபகமில்ல. பொட்டு வரைக்கும் பாத்த நான் அதுக்கு நாலு வெரக்கடை மேல பாக்கல.

அந்தம்மா முகத்தை நீ பாத்திருக்கணும். குசினிக்குள்ள போயிட்டாங்க. ஐயாவுக்குத் தான் என்ன செஞ்சோம்னு தெரியல, வெத்திலைப் பெட்டியத் தேடுறாரு. எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோசம். நல்ல சந்தோசம்னு சொல்லமாட்டேன். திருவிழாவுல அடுத்தவ புள்ளை கையில இருந்த பலூன் வெடிச்சாச் சில பேரு சிரிப்பாங்களே, அந்தச் சந்தோசம். அந்தம்மா தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க, கண்ணு சிவந்திருந்துச்சு. குடிச்சேன். நல்லாவே குடிச்சேன். இது என் புருசன், இது நான், இது எங்க வாசப்படி, படத்தை நான் கொண்டு போறேன்னேன். உங்கட பொருள்தானே, ஞாயிறு வரைக்கும் வச்சுப் பாத்துட்டுத் தரட்டோன்னு கேட்டாங்க. இல்லம்மா இப்பவே தாங்கன்னுட்டேன். குழாயில போட்டு, படங்குல சுத்தி, குழந்தையத் தூக்கிட்டு வார மாதிரி மழையில நெஞ்சோட அணைச்சுக் கொண்டாந்தேன்.

கதை இதோட முடிஞ்சிருந்தா உனக்குச் சந்தோசமா ரெண்டு வரி எழுதியிருப்பேன். படத்தை ஒழுகாத சுவராப் பாத்து ஆணியடிச்சு மாட்டினோம். லயமே வந்து பாத்துச்சு. பக்கத்துக் காம்பரா ராமாமிர்தம் அக்கா வாசல்லயே கைய வச்சுக்கிட்டு, அடி ஆத்தி, அண்ணன் இருந்தப்ப எப்பிடி இருந்தே பாக்கியம்னா. இன்னொருத்தி, லெச்சுமி கடாச்சம்னா இதுதான்னா. வாறவங்க எல்லாரும் படத்துல இருக்கிறவளைப் பாக்குறாங்க, பொறகு திரும்பி என்னைப் பாக்குறாங்க, பொறகு ஆட்டுக்குட்டியப் பாக்கப் போயிடுறாங்க. லீலா பெரட்டுக்குப் போக முன்ன அந்தப் படத்துக்கு முன்னால நின்னு அப்பாவக் கும்பிட்டுட்டுப் போவா. ஒரு நாளு கும்பிட்டுட்டு, அம்மா நீங்க எவ்வளவு அழகா இருந்தீங்கன்னா. புள்ளை ஆசையாத்தான் சொன்னா. அந்த இருந்தீங்க இருக்கே, அது எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவளுக்குக் குங்குமம் எடுத்து அந்தப் பொட்டு மேல வைக்க வேற ஆசை. தொடாதேன்னு கையத் தட்டிவிட்டேன். ஏம்மான்னு கேக்குறா.

யோகமலர் அம்மா மேல இருந்தது வேற மாதிரி எரிச்சல், அது கிள்ளின மாதிரி. இது அப்பிடி இல்ல. சோறு திங்கிறப்ப படத்துல நிக்கிற அவ என்னைப் பாக்குற மாதிரியே இருக்கு. அவ புருசன் முதுகையாவது காட்டிக்கிட்டு இன்னும் கண்ணுக்கு எட்டுற தூரத்துல இருக்கான். அவ கை நீட்டினா எட்டாட்டியும் நீட்டுறதுக்கு ஒரு ஆளு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல. அவ நெத்தியில வெளிச்சம் இருக்கு, என் நெத்திய அந்தக் காரியத்தன்னைக்கு அழிச்சாங்க, உனக்குத் தெரியாது, நீ பாக்கல. ராமாமிர்தம் அக்காதான் ஈரத்துணியால தொடைச்சா, தொடைச்சுட்டு அவளே அழுதா. நீ போறப்ப ஸ்டேசன்ல நின்னு கையாட்டினது அந்தப் பொட்டுக்காரிதான். நீ இத்தனை நாளும் நெனைச்சுக்கிட்டு இருக்கிறது அவளைத்தான். எனக்குன்னு நீ எழுதுற கடுதாசியெல்லாம் அவளுக்குத்தான் போகுதுன்னு வச்சுக்க. நான் நடுவுல பிரிச்சு வாசிக்கிறேன். இதைச் சொன்னா லீலா சிரிக்கிறா, யாராவது தன்னையே பாத்துப் பொறாமைப்படுவாங்களாம்மாங்கிறா. படுவாங்கடி, புருசன் செத்தாத் தெரியும்னு வாய்க்கு வந்துச்சு, கலியாணம் பேசுற புள்ளைகிட்டச் சொல்லக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டேன்.

அதனால படத்தைக் கழட்டிக் குழாயில போட்டுத் திரும்பவும் டிஸ்பென்சர் வீட்டுக்குக் கொண்டு போனேன். இந்தத் தடவ முன்கதவுக்கே போனேன், யாரும் ஒண்ணும் சொல்லல. அம்மா, இவ உங்க வீட்டுலயே இருக்கட்டும், எங்க காம்பராவுல ரெண்டு பேரு இருக்க எடமில்லன்னேன். அந்தம்மா குழாயைத் தொறந்து கூடப் பாக்கல, மடியில வச்சுத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. பொறகு சொன்னாங்க, பாக்கியம், நான்தான் எண்டு ஒரு கிழமை நினைச்சிருந்தனான், காலமை எழும்பினதும் போய்ப் பாப்பன், எனக்கு அது காணும், போதும்னு. அவங்க கண்ணுல தண்ணி. எனக்கும் வந்துச்சு. ஆனா உங்கிட்ட மறைக்கமாட்டேன் தங்கம், அந்த ஒரு கிழமையும் எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது. இன்னும் எரியுது. அவங்களுக்கு நீ தனியா ஒரு கடுதாசி போடு. என்னைச் சொல்லிக் காட்டாம, சும்மா சொகம் விசாரிச்சு எழுது. மலரம்மான்னே எழுது, போவுது.

அந்த முதுகைப் பத்தி ஒண்ணு கேக்கணும். அது அப்பா முதுகுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, தோளும் அப்பிடித்தான் இருக்கு. ஆனா படத்தைச் சுருட்டுறப்ப கழுத்து மட்டும் தெரிஞ்சுச்சு பாரு, பின் கழுத்துல முடி சுழி போட்டிருக்கு. உங்கப்பாவுக்குச் சுழி கிடையாது. உனக்குத்தான் இருக்கு, எண்ணெ தேச்சு விட்ட எனக்குத் தெரியாதா. போறது அவரா நீயா. தெரியாம வரைஞ்சியா, தெரிஞ்சே வரைஞ்சியா. எனக்கு இதுக்கு மட்டும் பதிலு எழுது. அந்தம்மா மாதிரி எண்டது எண்டதுன்னு எழுத வேணாம், நேராவே எழுது.

போன ஞாயித்துக்கிழமை லீலாவக் கூட்டிக்கிட்டு பதுளைக்குப் பஸ் ஏறினேன். முத்தியங்கணை விகாரைக்குப் போற பாதையில ஜுனைதீன் பாய் ஒரு போட்டோ கடை வச்சிருக்காரு, அங்க போனோம். உள்ள தாஜ்மகால் எழுதின ஒரு திரை, முன்னால ஒரு நாக்காலி. வெள்ளைச் சேலையோட போயி உக்காந்தேன். பாய் நல்ல மனுசன், துணிக்குள்ள தலைய விட்டவரு வெளிய எடுத்து, தாயி, படம் வந்த பொறகு ஒரு பொட்டு வச்சு விடட்டா, சின்னப் பிரசால வச்சா வச்சதே தெரியாது, நெறையப் பேரு கேட்டு வாங்குறாங்கன்னாரு. அது மட்டுமில்ல, வூட்டுக்காரர் போட்டோ ஒண்ணு இருந்தாத் தாங்க, பக்கத்துல நிக்கிற மாதிரியே சேத்துத் தாறேன், ஒரு கோடு தெரியாதுன்னாரு. உங்கப்பா போட்டோ உங்கிட்ட இருக்கு. அனுப்பச் சொல்லி எழுதினா நீ அனுப்பிடுவ. நானும் அவரும் தாஜ்மகாலுக்கு முன்னால ஒண்ணா நிக்கலாம், எனக்குப் பொட்டும் இருக்கும். நெசமாச் சொல்றேன், ஆசையா இருந்துச்சு. லீலா என் கையப் புடிச்சு அமுக்கினா, ஆமான்னு சொல்லும்மான்னு. பாய் தலைய ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு நிக்கிறாரு. வேணாம் பாய், இருக்கிற மாதிரியே எடுங்கன்னுட்டேன். தலையில போட்டிருந்த முக்காட்டையும் பின்னால தள்ளி விட்டேன், அந்தத் தடமும் விழட்டும்னு.

படம் நல்லா வரல. கண்ணு ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா முழிச்சுக்கிட்டு இருக்கேன், லீலா பாத்துட்டுப் பொலிசு புடிச்ச மாதிரி இருக்கீங்கம்மான்னா. கன்னம் ஒட்டிப் போயிருக்கு, அது வெளக்குக் கோளாறு இல்ல, அப்பிடித்தான் இருக்கேன். இதோட அதை வச்சிருக்கேன். பாத்துட்டு அழாத. இதை வச்சுப் படம் வரையவும் வேணாம், இவளுக்கு விரலுல எலை முளைக்க வைக்க வேணாம், கடலுல எறக்க வேணாம். சும்மா உன் பொட்டிக்கு மேல சுவத்துல குத்தி வச்சு, காலைல எந்திரிச்சா ஒரு தடவ, படுக்கிறப்ப ஒரு தடவ இவ மூஞ்சியப் பாத்துப் பழகிக்க. கடுதாசி குடுக்கிறவன் மனசு எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும். ஒரு நாளு நீ பதுளை ஸ்டேசன்ல வந்து எறங்குவ. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல பொட்டு வச்ச பொம்பளையத் தேடிக்கிட்டு நீ என்னைத் தாண்டிப் போயிறக் கூடாது தங்கம்.

சனிக்கிழமை தவறாம எண்ணெ தேச்சுக் குளி, கழுத்துச் சுழிக்கு மேல நல்லா வை. வார தையில அப்பாவுக்கு ரெண்டாம் வருசம், அன்னைக்கு அங்க கடற்கரை இருக்குன்னு சொன்னியே, போயி எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வா. லீலா வரனைப் பத்தி உன் சம்மதத்தை எழுது, அவ அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா. கதிர்காமக் கந்தன் உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமக் காக்கட்டும், எங்க இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு
உன் அம்மா, இந்தப் படத்துல இருக்கிறவ,
பாக்கியலெட்சுமி